முதுகு தெரிந்தால் மட்டும்

மாமா எதையும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார். நடுவிரலை மடக்கி, அந்த முட்டியால் இரண்டு தட்டு. பிறகு தலையை வலப்பக்கம் லேசாகச் சாய்த்து ஒரு கணம் காத்திருப்பார், உள்ளேயிருந்து யாரோ பதில் சொல்லப்போவதுபோல. சிலைகளை மட்டுமல்ல. தண்ணீர்த் தொட்டி, புதிதாக வாங்கிய நாற்காலி, பேருந்தின் பக்கத்துத் தகரம், ஒருமுறை பள்ளித் தலைமையாசிரியரின் மேசை. நான் வேலை முடிந்து வந்து பட்டறை வழியாக மாடிக்கு ஏறும்போது என் முதுகிலும் இரண்டு தட்டு விழும்.

"என்ன மாப்ளே, மத்தியானம் சாப்பிடலையா? உள்ள வெறும் காத்து கேக்குது."

தெருவில் அவருக்கு டொக்கு என்று பெயர். அத்தைக்குக் கோபம் வரும். அவருக்கு வராது. "கூப்பிட்டா திரும்பிப் பாக்கற மாதிரி இருக்குல்ல, அது போதும்" என்பார்.

அவர் என் அம்மாவின் அண்ணன். நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலைக்கு வந்தபோது, மாடியில் ஓர் அறையை ஒழித்துக் கொடுத்தார். கீழே முன்பக்கம் மாமாவின் சிலைக் கடை, பின்பக்கம் தகரக் கூரை போட்ட பட்டறை. பட்டறைக்குள் நுழைந்ததும் சுவரில் ஓர் ஆணி இருக்கும். கண்ணாடிக் கடையில் கொடுத்த மஞ்சள் பையை அதில் மாட்டிவிட்டுத்தான் கைகால் கழுவப் போவேன். அந்த ஆணி மாமா எனக்கென்று அடித்தது. வீட்டில் எனக்கென்று இருந்த முதல் பொருள் அதுதான் என்று வைத்துக்கொள்ளலாம்.

வேலை இப்படி நடக்கும். அச்சு இரண்டு பாதியாக இருக்கும், முன்பாதி, பின்பாதி. உள்ளே சோப்புத் தண்ணீர் பூசி, வெள்ளை சிமென்டும் மார்பிள் தூளும் குழைத்துக் கையால் அப்ப வேண்டும். இடையிடையே தேங்காய் நார். இரண்டு விரல் கனம் வந்ததும் பாதிகளைச் சேர்த்துக் கட்டிவிடுவார். உள்ளே வெற்றிடம்தான். எங்காவது கனம் குறைந்திருந்தால் தட்டும்போது குரல் மாறும். மறுநாள் அச்சைப் பிரித்ததும் சிலை இன்னும் பச்சையாக, ஈரமாக இருக்கும். மூக்கைக் கூராக்குவதோ, தாடி வைப்பதோ, எல்லாம் அந்த ஈரம் காய்வதற்குள்.

கடையைப் பார்த்துக்கொண்டவர் அத்தையின் தம்பி. எனக்குச் சித்தப்பா முறை. வண்டியில் ஏறும் ஒவ்வொரு சிலைக்கும் சிவப்பு ரிப்பன் கட்டி, இரண்டு காதுபோல முடிச்சுப் போட்டு அனுப்புவார். அதனால் ரிப்பன். மாமாவைவிட எட்டு வயது இளையவர். மாமா பேச வேண்டிய இடத்திலெல்லாம் இவர் பேசுவார். விலை, தேதி, மன்னிப்பு, வாழ்த்து எல்லாம் ரிப்பன் சித்தப்பாதான். பத்தொன்பது வருஷம் அப்படி ஓடியது. "முன்பக்கம் நான், பின்பக்கம் அத்தான்" என்று அவரே பெருமையாகச் சொல்லுவார்.

வாடிக்கையாளர்கள் இரண்டு வகை. தேவாலயங்களுக்குப் புனிதர்கள் வேண்டும். ஹோட்டல்களுக்கும் பூங்காக்களுக்கும் உடற்பயிற்சி நிலையங்களுக்கும் பழங்கதை வீரர்கள் வேண்டும். ஒரு புது உடம்புக்கு அச்சு எடுக்க ஐந்து மாதம் ஆகும். எங்களிடம் ஒன்பது உடம்புகள்தான் இருந்தன. அந்த ஒன்பதை வைத்துக்கொண்டு மாமா இரண்டு உலகத்தையும் ஓட்டினார். எந்த உடம்பில் எதை மாற்றினால் யார் ஆவார் என்பதைப் பட்டறைச் சுவரில், ஆணிக்கு இடப்பக்கம், தச்சன் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். மறந்துவிடக்கூடாது என்பதற்காக எழுதியது, வேறொன்றுமில்லை.

உடம்பு 3. வில்காரர். கையிலுள்ள வில்லை எடு. அம்பை மார்பில் செருகு. வேதசாட்சி.

உடம்பு 5. தாய், மடியில் பிள்ளை. ஒன்றும் மாற்ற வேண்டாம். பெயின்ட் மட்டும்.

உடம்பு 7. பாம்பைக் குத்துபவர். சிறகு வைத்தால் தலைமைத் தூதர். வைக்காவிட்டால் பீச் ஹோட்டல்.

உடம்பு 9. தோளில் சுமப்பவர். மேலே கிழவர் என்றால் எரிகிற ஊரிலிருந்து அப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற மகன். மேலே குழந்தை என்றால் ஆற்றைக் கடக்கிற புனிதர். கீழே இருப்பவரை மாற்றாதே.

முதல் தடவை படித்து முடித்ததும் திரும்பவும் முதலிலிருந்து படித்தேன். சிறுபத்திரிகைகளில் நான் தேடித் தேடிப் படித்த எந்தக் கவிதையும் இவ்வளவு சிக்கனமாக இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெயில் தகர இடுக்கு வழியாகச் சுவரில் விழுந்திருந்தபோது, போனில் படம் எடுத்தேன். என்னைப்போலவே கவிதைப் பைத்தியமான ஒரு நண்பனுக்கு அனுப்பினேன். 'யார்டா இது, புது ஆளா?' என்று பதில் வந்தது. 'எங்க மாமா' என்று போட்டேன். அவன் நம்பவில்லை. அதோடு அதை மறந்துவிட்டேன்.

மாமா நம்பிக்கையுள்ளவர். பதினான்கு வருஷமாக ஞாயிறு வழிபாட்டில் வேதம் வாசிப்பவர் அவர்தான். அன்றாடப் பேச்சில் அவர் குரல் பாதி தொண்டையிலேயே நின்றுவிடும். வாசிப்பு மேடையில் ஏறினால் அந்தக் குரல் எங்கிருந்து வரும் என்று தெரியாது. கடைசி வரிசைவரை ஒரே கனத்தில் போய்ச் சேரும். சனிக்கிழமை மாலை பட்டறையில் சிலைகளை வரிசையாக நிறுத்தி, அவற்றுக்கு வாசித்துப் பழகுவார். நம்பிக்கைக்காக உயிர்விட்ட வேதசாட்சி, பீச் ஹோட்டல் வீரர், தலை இன்னும் வைக்காத இரண்டு பேர்.

"இவங்க மட்டும்தான் மாப்ளே இருமாம கேக்கறாங்க."

அவரிடமிருந்து எதை எடுத்தாலும் பொறுத்துக்கொள்வார், அந்த மேடையை எடுத்தால் தாங்கமாட்டார். வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும். ரிப்பன் சித்தப்பாவுக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். வாசிக்கும் நாளுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையைத் தேய்த்து வைப்பதே அவர்தான். அக்கா தேய்த்தால் காலர் மடங்குகிறது என்பார்.

மாலை தேநீர் வேளையில் இருவரும் மூட்டைகள்மேல் உட்கார்ந்து பேசுவதைக் கேட்க எனக்குப் பிடிக்கும்.

"அத்தான், ஒரே உடம்புல ரெண்டு பேரை வித்துக்கிட்டு இருக்கோம். மேல போனா ரெண்டு பேரும் சேர்ந்து வந்து நம்ம சட்டையைப் பிடிக்கப் போறாங்க."

"சேர்ந்து வந்தா நல்லதுதானே. அறிமுகம் பண்ணி வைக்கிற வேலை மிச்சம்."

"விளையாட்டு இல்ல. யோசிச்சுப் பாருங்க. அந்தக் கதையிலயும் ராஜா பயந்துபோய்ப் பச்சைப் புள்ளையைத் தேடறான், நம்ம வேதத்துலயும் தேடறான். அங்கயும் ஒருத்தர் செத்தவங்க இடத்துக்கு இறங்கிப் போயிட்டுத் திரும்பி வர்றார், இங்கயும் வர்றார். யாரைப் பாத்து யாரு காப்பி அடிச்சது?"

மாமா டம்ளரைக் கீழே வைத்தார். தரையை இரண்டு தட்டு தட்டினார்.

"காப்பி இல்லடா. பயம் ஒண்ணு. சாவுக்குப் பயப்படறவன் எந்த ஊர்ல இருந்தாலும் அவனுக்கு வேண்டியது ஒண்ணுதான், அங்க போயிட்டுத் திரும்பி வந்த ஆள். அதனால உருவம் ஒண்ணு மாதிரி தெரியுது. ஆனா ஆள் வேற."

"எப்படி வேற? உடம்பு நாலு ரெண்டு பேருக்கும் பொதுதானே?"

உடம்பு நான்கு சிங்கத்தைக் கொன்ற வீரர். கொன்ற சிங்கத்தின் தோலைத் தோளில் போட்டுக்கொண்டு, அதன் இரண்டு முன்னங்கால்களையும் மார்பில் முடிச்சுப் போட்டிருப்பார். நல்ல மேய்ப்பரும் அதே நிற்பில், அதே தோளில் ஆட்டுக்குட்டியைப் போட்டு, அதன் கால்களை மார்பில் பிடித்திருப்பார். நகத்தைக் குளம்பாக்க வேண்டியதுதான் வேலை.

"அங்கதான் இருக்கு வித்தியாசம்" என்றார் மாமா. "அவர் கொன்னதைச் சுமக்கறார். இவர் உயிரோட இருக்கறதைச் சுமக்கறார். தோள் ஒண்ணுதான். பாரம் ஒண்ணு இல்ல."

ரிப்பன் சித்தப்பா என் பக்கம் திரும்பி, "கேட்டுக்கோடா. ஃபாதர் லீவு போட்டா இவரை ஏத்தி விட்டுடலாம்" என்றார். மூன்று பேரும் சிரித்தோம். 

அந்த வருஷம் தேவாலயத்தில் புது மண்டபம் கட்டினார்கள். அதன் வெளிச்சுவரில் ஒரு மாடம், அதில் ஏழடி உயர நல்ல மேய்ப்பர். அது சரியாக வந்தால், பாதை நெடுக வைக்க இன்னும் பதினான்கு சிலைகள். கமிட்டிச் செயலாளர் ஒரு பல் டாக்டர். அவர் கடைக்கு வந்து ரிப்பன் சித்தப்பாவிடம் பேசிவிட்டுப் போனார். பட்டறைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. சட்டையில் தூள் ஒட்டும் என்று நினைத்திருக்கலாம்.

மாமா உடம்பு நான்கை வார்த்தார். அச்சைப் பிரித்ததிலிருந்து மூன்று நாள் அவர் பட்டறையை விட்டு நகரவில்லை. வீரரின் தலைமேல் கவிழ்ந்திருந்த சிங்கத்தின் தலையைச் செதுக்கித் தலைமுடியாக்கினார். அவர் கையிலிருந்த தடியை மேய்ப்பரின் கோலாக்கினார். அரைகுறை ஆடையோடு நின்ற வீரருக்கு அங்கி வேண்டுமே, அதற்குப் பழைய பருத்தித் துணியைச் சிமென்டுக் குழம்பில் நனைத்து முன்பக்கம் போர்த்தி, மடிப்பு மடிப்பாக விரலால் ஒதுக்கினார். ஆட்டுக்குட்டிக்கு மட்டும் பதினொரு நாள் ஆனது. அந்த இடத்தை மட்டும் ஈரச் சாக்கு போர்த்திக் காயவிடாமல் வைத்து, கண் சரியாக வரவில்லை என்று திரும்பத் திரும்ப வைத்தார். கடைசியில் வந்த கண் பயந்ததாகவும் இல்லை, நிம்மதியாகவும் இல்லை. தூக்கிக்கொண்டு போவது யார் என்று இன்னும் முடிவு செய்யாத கண்.

பின்பக்கம் அவர் கை வைக்கவில்லை. சிங்கத் தோலின் பின்பாதி அப்படியே முதுகில் தொங்கியது. அதன் நுனியில் வால், கெண்டைக்கால்வரை இறங்கி, முடிவில் ஒரு குஞ்சத்தோடு. சுவரில் உடம்பு நான்குக்கு எழுதியிருந்ததே அதுதான்:

உடம்பு 4. சிங்கத்தோல்காரர். தோலை ஆடாக்கு. தடியைக் கோலாக்கு. முகத்தைச் சாந்தமாக்கு. வால்: முதுகு தெரிந்தால் மட்டும்.

எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வது அது. மாடத்தில் நிற்கும் சிலையின் முதுகைச் சுவர் மட்டும்தான் பார்க்கும்.

ஆனாலும் மாமா கேட்டார். அங்கித் துணி போர்த்துவதற்கு முந்தைய சாயங்காலம், நான் ஆணியில் பையை மாட்டிக்கொண்டிருந்தேன். கடையிலிருந்து வந்த ரிப்பன் சித்தப்பாவிடம் கையில் சிமென்டுக் குழம்போடு கேட்டார்.

"மச்சான், இது சுவத்தோரம்தானே? அந்தப் பேச்சு மாறலையே?"

"சுவத்தோரம்தான் அத்தான்."

"மாறினா இப்பவே சொல்லிடு. ஈரம் போயிட்டா முதுகுல ஒண்ணும் பண்ண முடியாது. மறுபடி வார்க்கணும்."

"எத்தனை தடவை கேப்பீங்க? சுவத்தோரம், சுவத்தோரம், சுவத்தோரம். எழுதித் தரவா?"

மாமா சிரித்துக்கொண்டே ஈரக் கையால் அவர் கன்னத்தில் ஒரு கோடு இழுத்தார்.

சிலையைத் துணியால் சுற்றி, சிவப்பு ரிப்பன் கட்டி, சனிக்கிழமை காலை வண்டியில் ஏற்றினார்கள். மாமாவும் கிளம்பினார். ரிப்பன் சித்தப்பா தடுத்தார். "நாளைக்கு வாசிக்கணும். வெயில்ல நின்னு தொண்டையைக் கெடுத்துக்காதீங்க. நிறுத்தறதை நான் பாத்துக்கறேன்." அத்தையும் அதையே சொன்னாள். தம்பிக்கு எவ்வளவு அக்கறை பாருங்கள் என்றாள்.

ஞாயிறு காலை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மாமா முன்னால் நடந்தார். அத்தையும் நானும் பின்னால். தேவாலய வாசலைத் தாண்டியதும் அவர் நின்றுவிட்டார். மண்டபச் சுவரில் மாடம் இல்லை, அடைத்துப் பூசியிருந்தது. மண்டபத்துக்கு முன்னால் புதிதாக ஒரு தோட்டம், வட்டமான புல்தரை, நடுவில் பீடம். பீடத்தின்மேல் வெள்ளைத் துணி போர்த்தி, சிவப்பு ரிப்பனோடு எங்கள் சிலை. அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் நாற்காலிகள்.

ரிப்பன் சித்தப்பா பீடத்தருகே முடிச்சைச் சரிசெய்துகொண்டிருந்தார். மாமா அவரிடம் போனார். நான் இரண்டடி பின்னால்.

"மச்சான். சுவர் எங்கடா?"

"கடைசி நேரத்துல மாத்திட்டாங்க அத்தான். நேத்துதான் தெரியும். நான் என்ன பண்ண?"

"முதுகு?"

"பயப்படாதீங்க. துணி முன்பக்கமா மட்டும் விழற மாதிரி கட்டியிருக்கேன். பின்னாடி ஊக்கு குத்தியிருக்கு. கூட்டம் போனதும் பாத்துக்கலாம். நீங்க போய் வாசிங்க. உங்களை நம்பித்தான் இருக்காங்க."

மாமா போனார். வேறென்ன செய்வது? தோட்டத்திலேயே வாசிப்பு மேடை போட்டிருந்தார்கள், சிலைக்கு எதிரே. தொலைந்துபோன ஓர் ஆட்டைத் தேடி மேய்ப்பர் புறப்படும் பகுதி. முதல் இரண்டு வரியில் குரல் கொஞ்சம் தடுமாறியது. மூன்றாவது வரியில் பழைய கனம் வந்துவிட்டது. அவர் வாசித்து முடித்த நேரத்தில் ஃபாதர் ரிப்பனை இழுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஃபாதருக்கு வயதாகிவிட்டது. இழுக்கும்போது கால் இடறி, துணியையே பிடித்துக்கொண்டார். முன்பக்கம், பின்பக்கம், ஊக்கு எல்லாம் சேர்ந்து மொத்தத் துணியும் தரைக்கு வந்துவிட்டது.

முன்னால் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அந்த ஆட்டுக்குட்டியின் கண்ணைப் பார்த்து ஒரு பெண்மணி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். கைதட்டலுக்குப் பின்னால், சிலையின் மறுபக்கத்திலிருந்து ஒரு சிறுமியின் குரல் வந்தது.

"அம்மா, இவருக்கு வால் இருக்கு!"

முதலில் ஒரு சிரிப்பு. பிறகு யாரோ 'ஸ்ஸ்' என்றார்கள். பிறகு நாற்காலிகள் நகரும் சத்தம். முன்வரிசைக்காரர்கள் எழுந்து பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். மேடையில் நின்ற மாமாவுக்கு முதுகு தெரியாது. பார்த்துவிட்டுத் திரும்பும் முகங்கள்தான் தெரியும். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கைகள் வாசிப்புப் பலகையின் இரண்டு ஓரத்தையும் பிடித்திருந்தன. "பேய்க்குத்தான் வால் வைப்பாங்க" என்று ஒருவர் உரக்கவே சொன்னார். அத்தை முக்காட்டை இழுத்துக்கொண்டாள். நான் தேடியபோது ரிப்பன் சித்தப்பா கூட்டத்தில் இல்லை.

மறுநாள் மாலை கமிட்டி கூப்பிட்டது. மாமாவோடு நானும் போனேன். உள்ளே விடவில்லை. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன். கதவு பாதி திறந்திருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் ஃபாதர், பல் டாக்டர், இன்னும் இருவர். இந்தப் பக்கம் மாமாவும் ரிப்பன் சித்தப்பாவும்.

"மாடம் இல்ல, தோட்டம்னு முடிவாகி மூணு வாரம் ஆச்சு" என்றார் பல் டாக்டர். "கடிதம் குடுத்தோம். கையெழுத்து வாங்கியிருக்கோம். இதோ இருக்கு."

மாமா மெதுவாகத் தலையைத் திருப்பி மச்சானைப் பார்த்தார். மூன்று வாரம் என்றால், அங்கித் துணி போர்த்துவதற்கு முன்பு. 'எழுதித் தரவா' என்று கேட்டதற்கும் முன்பு.

"உங்க கையெழுத்துதானே?" என்று ரிப்பன் சித்தப்பாவைக் கேட்டார்கள்.

"ஆமா. நான் முன்பக்கம், சார். வர்றதை வாங்கி வைப்பேன். பின்னாடி பட்டறையில என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாது."

"அவர்கிட்ட சொன்னீங்களா?"

ரிப்பன் சித்தப்பா மேசையிலிருந்த கடிதத்தை நேராக்கி வைத்தார்.

"அன்னைக்கே சொன்னேனே. அத்தான், தோட்டத்துக்கு மாத்திட்டாங்கன்னு."

டொக், டொக்.

மாமாவின் விரல் மேசையைத் தட்டிய சத்தம் அது. தலையைச் சாய்த்துக் காத்திருந்தார். நான் வராந்தாவில் எழுந்து நின்றேன். இல்லை, அப்படிச் சொல்லவில்லை, நான் கேட்டேன், ஆணியருகே நின்றேன் என்று சொல்ல வாய்வரை வந்தது. கதவுக்கும் எனக்கும் நான்கடிதான் இடைவெளி. முன்பின் தெரியாதவர்கள் முன்னால் பேசினால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். இது ஒரு காரணமே இல்லை, தெரியும்.

அதற்குள் பல் டாக்டர் தன் போனை எடுத்து மேசைமேல் நகர்த்தினார்.

"இதைப் பாருங்க ஃபாதர். நேத்து ராத்திரிதான் என் கண்ணுல பட்டுது. இவர் பட்டறைச் சுவர். 'வால்: முதுகு தெரிந்தால் மட்டும்.' தெரிஞ்சேதான் விட்டிருக்கார். அது மட்டுமா? வேதசாட்சி, தூதர், தேவதாய், எல்லாருக்கும் ஹோட்டல் பொம்மை உடம்பு. நாம இத்தனை வருஷமா யாரு முன்னாடி முழங்கால் போட்டிருக்கோம்?"

மாமா போனைக் கையில் வாங்கினார். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். இடப்பக்கம் நகர்த்தினார், வலப்பக்கம் நகர்த்தினார். வலப்பக்கத்திலேயே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனைத் திருப்பி வைத்தார்.

"என் கையெழுத்துதான்" என்றார்.

"வேற ஏதாவது சொல்லணுமாப்பா?" என்று ஃபாதர் கேட்டார். அந்தக் குரலில் கொஞ்சம் கெஞ்சல்கூட இருந்தது.

கொன்றதைச் சுமப்பவர், உயிரோடிருப்பதைச் சுமப்பவர் என்று அன்று மூட்டைமேல் உட்கார்ந்து சொன்னதைச் சொல்வார் என்று நினைத்தேன். பதினொரு நாள் வைத்த கண்ணைப் பற்றியாவது சொல்லலாம். அவர் எழுந்து, நாற்காலியை மேசைக்குள் தள்ளி வைத்துவிட்டு வெளியே வந்தார்.

"வா மாப்ளே, போலாம்."

என் முதுகில் தட்டவில்லை. தோளில் கை போட்டுக்கொண்டார். வழி முழுக்க அந்தக் கை அங்கேயே இருந்தது.

அடுத்த ஞாயிறு முதல் பல் டாக்டரின் மனைவி வாசித்தார். பதினான்கு சிலைகளுக்கான வேலை ரிப்பன் சித்தப்பாவின் கைக்கே போனது. அவர் ஒரு மாதத்தில் தனியாகப் பட்டறை போட்டு, அச்சுகளில் நான்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மாமா சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார். எங்கள் மேய்ப்பரைத் தோட்டத்திலிருந்து பெயர்த்து, மண்டபத்தின் வெளிச்சுவரோடு ஒட்டி நிறுத்தினார்கள். முதலில் சொன்ன அதே இடம். வால் இன்னும் அங்கேதான் இருக்கிறது. யார் கண்ணுக்கும் தெரியாது.

மாமா வழிபாட்டுக்குப் போவதை நிறுத்தவில்லை. கடைசி வரிசை, தூணுக்குப் பக்கம். வாசிப்பு நடக்கும்போது அவர் உதடு அசையும், வாசிப்பவரைவிட அரை வரி முன்னால். சனிக்கிழமை மாலைகளில் பட்டறையில் சத்தமில்லை.

படத்தைக் கமிட்டிக்குக் கொடுத்தது யார் என்பதில் வீட்டில் சந்தேகமே இல்லை. என்னைத் தவிர, பட்டறைக்குள் போனோடு வந்து போகிறவர் ரிப்பன் ஒருவர்தான். "கூடவே இருந்து சாப்பிட்டுக் குழி பறிச்சான்" என்று அத்தை தன் தம்பியைப் பற்றி அக்கம்பக்கத்தில் சொன்னாள். இரண்டு வருஷம் அவரோடு பேச்சுவார்த்தை கிடையாது. தெருவில் அவர் எதிரே வந்தால் நான் மறுபக்கம் மாறிவிடுவேன். ஒருமுறை அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் தரையில் துப்பினேன். அதுவரை நான் யார் முன்னாலும் செய்யாத காரியம் அது.

போன மாதம் அந்தக் கவிதை நண்பன் கண்ணாடிக்கு அளவெடுக்கக் கடைக்கு வந்தான். பேச்சோடு பேச்சாக, "உங்க மாமா சுவர்க் கவிதை இன்னும் எங்கிட்ட இருக்குடா. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு ஞாயிறு ராத்திரி எங்கப்பாகிட்டகூடக் காட்டினேன், அவருக்கு ஒண்ணும் புரியல. எனக்கு அனுப்புன்னு வாங்கி வச்சுக்கிட்டார்" என்றான். அவன் அப்பாதான் பல் டாக்டர். அதை நான் என்றைக்குமே யோசித்துப் பார்த்ததில்லை. படம் எங்கே போனது என்று அவனுக்கும் தெரியாது. 

மதியமே விடுப்புச் சொல்லிவிட்டு ஓடினேன். மாமா சரக்கு எடுக்கப் போயிருந்தார். அத்தை துணி மடித்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் மடிப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும் அத்தை?"

"அவருக்கு அன்னைக்கே தெரியும். படத்துல வலது ஓரத்துல ஆணியில உன் மஞ்சள் பை தொங்குதாம். மத்தியான வெயில் சுவத்துல, பையும் ஆணியில, அப்ப ஞாயித்துக்கிழமை. நீதானே அந்த நேரத்துல அங்க உக்காந்து படிப்பே."

"அப்ப ரிப்பன் சித்தப்பா..."

"மறுநாள் காலையில அவன் வந்தான். பட்டறை வாசல்லயே நின்னு, 'அத்தான், மத்ததெல்லாம் நான்தான். படத்தை மட்டும் நான் குடுக்கல, எம் புள்ளைங்க மேல சத்தியம்'னு அழுதான். இவர், 'தெரியும். அந்தப் பழியையும் சேத்து நீயே வச்சுக்கோ. அந்தப் பையன் தாங்கமாட்டான்'னு சொல்லிட்டு உள்ள போயிட்டார். சரின்னு தலையாட்டிட்டுப் போனவன்தான், இன்னிவரைக்கும் யாருகிட்டயும் நான் இல்லன்னு சொல்லல."